குளத்து நீரே சாட்சி

குளத்தை நம்பிப் பயிர் செய்தவர்கள் நாம். அதில் என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன என்பதைக் கண்ணாலும் வலையாலுமே அறிந்தோம். இன்று ஒரு போத்தல் நீரும் அதைச் சொல்கிறது.

மீனும் தவளையும் தோல், சளி, கழிவு என்பவற்றின் வழியே தமது மரபணுவை நீரில் விடுகின்றன. ஆய்வுகூடத்தில் அத்தடயத்தைப் பிரித்தெடுத்துப் பெருக்கி, அது எந்த உயிரினத்துக்குரியது என்று அறிகிறார்கள். பிரான்சில் அமெரிக்காவிலிருந்து வந்து பரவிய பெருந்தவளை இருந்த குளங்களை இம்முறையால் கண்டறியலாம் என 2008இல் காட்டினர். ஒவ்வொரு தடவையும் மொண்டது 15 மில்லிலீற்றர் நீர் மட்டுமே.

இங்கிலாந்தில் கொண்டை நியூட் எனும் வாலுள்ள நீர்நிலவாழ் உயிர் சட்டப் பாதுகாப்புப் பெற்றது. அதைத் தேடுவோர் இரவில் விளக்குடன் பலமுறை குளத்துக்குச் செல்லவேண்டும். 2013இல் 200க்கு மேற்பட்ட குளங்களில் தொண்டர்கள் நீர் எடுத்து அனுப்பினர். நியூட் வாழும் குளங்களில் நூற்றுக்கு 90க்கு மேற்பட்டவை சரியாகத் தெரியவந்தன. அடுத்த ஆண்டே இம்முறை அங்கு அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டது.

இதற்கும் எல்லை உண்டு. நீரில் மரபணு சில வாரங்களில் சிதைந்துவிடும். எத்தனை உயிர்கள் உள்ளன, அவை நலமாக உள்ளனவா என்பதை அது திட்டமாகச் சொல்லாது. எங்கே, எப்போது நீர் மொள்ளவேண்டும் என்பதற்கும் குளத்தை அறிந்தவர் தேவை. எந்த மூலையில் மீன் ஒதுங்கும், எந்த மாதத்தில் தவளை முட்டையிடும் என்ற அறிவு நம்மிடம் உண்டு. இடம்பெயர்ந்தபோது அதையும் நாம் சுமந்தே வந்தோம். பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிவைப்போம்.