வழக்கு வேகும் முன்: ஒரு பெருநிறுவன வழக்கு எப்படி இயங்குகிறது?

இட்லி வேகப் பத்து நிமிடம் போதும். அது பஞ்சாக வருமா, கல்லாக வருமா என்பது முந்தைய நாளே முடிவாகிவிடும். பெருநிறுவன வழக்கும் அப்படித்தான். நீதிமன்றத்தில் நாம் பார்ப்பது கடைசிப் பத்து நிமிடத்தை மட்டுமே. அதற்கு முன் நடப்பதை அமெரிக்க வழக்கறிஞர் டேவிட் பாய்ஸின் வாழ்க்கையை வைத்தே பார்த்துவிடலாம்.

ஊறவைத்தல்

பாய்ஸ் 1941-ல் இலினாய் மாநிலத்தில் பிறந்தவர். டிஸ்லெக்சியா இருந்ததால் மூன்றாம் வகுப்பு வரை அவருக்கு வாசிக்க வரவில்லை. வேகமாகப் படிக்க முடியாதவர், படித்ததையும் கேட்டதையும் நினைவில் நிறுத்தப் பழகினார். 1966-ல் யேலில் சட்டப் பட்டம், மறு ஆண்டு நியூயார்க் பல்கலைக்கழகத்தில் முதுநிலை. ஊறாத உளுந்து எந்தக் கிரைண்டரிலும் பொங்காது. பிற்காலத்தில் குறிப்புச் சீட்டை அதிகம் நம்பாமல் குறுக்கு விசாரணை செய்தவருக்கு அந்த நினைவாற்றல் இளமையில் ஊறியதுதான்.

அரைத்தல்

1966-ல் நியூயார்க்கின் கிராவத் சட்ட நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே கணினி நிறுவனமான ஐபிஎம்-இன் வழக்குகள் பின்னர் அவரிடம் வந்தன. அமெரிக்காவில் வழக்கின் இரு தரப்பும் தங்களிடமுள்ள, வழக்கோடு தொடர்புள்ள கடிதம், குறிப்பு, கணக்கு போன்றவற்றை, எதிராளி முறைப்படி கேட்டால், பொதுவாக ஒப்படைத்தாக வேண்டும். இதை டிஸ்கவரி என்கிறார்கள். மலை போன்ற காகிதத்தை அரைத்து அரைத்து, வழக்குக்கு உதவும் நாலு வரியை எடுப்பதே இளம் வழக்கறிஞரின் வேலை. ஐபிஎம் மீது அரசு 1969-ல் தொடுத்த ஏகபோக வழக்கு 13 ஆண்டுகள் நீண்டது. 1982-ல் அரசே அதைக் கைவிட்டது. ஐபிஎம் தரப்பில் உழைத்தவர்களில் பாய்ஸும் ஒருவர்.

புளித்தல்

அடுத்தது டெபொசிஷன். நீதிபதி இல்லாத அறையில், உறுதிமொழி எடுத்த சாட்சியிடம் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேள்வி கேட்பார். சொன்னது அத்தனையும் பதிவாகும். 1998-ல் மைக்ரோசாஃப்ட் மீது அரசு தொடுத்த வழக்கில் பாய்ஸ் அரசின் பக்கம் இருந்தார். அந்த நிறுவனத்தின் தலைவர் பில் கேட்ஸிடம் மூன்று நாள் நடந்த டெபொசிஷனில் கேள்வி கேட்டார். குரலை உயர்த்தவில்லை. கேட்ஸின் மின்னஞ்சல்களையே எடுத்து வைத்தார். பதில் நழுவினால் அதே கேள்வியை மறுபடி கேட்டார். நினைவில்லை என்று கேட்ஸ் திரும்பத் திரும்பச் சொன்னதும், சாதாரணச் சொற்களுக்கே பொருள் என்ன என்று கேட்டதும் வீடியோவில் பதிவாயின. சாட்சி தானே பேசட்டும் என்று விடுவதும், மாவு புளிக்க நேரம் தருவதும் ஒன்றுதான். கிளறிக்கொண்டே இருந்தால் பொங்காது.

வேகவைத்தல்

அந்த வீடியோ துண்டுகள் நீதிமன்றத்தில் ஓடியபோது, கேட்ஸ் சாட்சிக் கூண்டில் ஏறாமலேயே அவர் நம்பகத்தன்மை அடிபட்டது. மைக்ரோசாஃப்ட் சட்டத்தை மீறியது என்று நீதிபதி தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன் 2000 ஏப்ரலில் தீர்ப்பளித்தார். ஜூனில் நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்கவும் உத்தரவிட்டார்.

2001-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டையும் எடை போட்டது. ஏகபோகத்தைத் தக்கவைக்கச் சட்டத்தை மீறியது என்ற முடிவு, பெரும்பகுதி நிலைத்தது. பிரிக்கும் உத்தரவு ரத்தானது. பரிகாரம் என்ன என்பது குறித்துத் தனியாகச் சாட்சியம் விசாரிக்காததும் ரத்துக்கு ஒரு காரணம். ஆவணம் அரைத்து, சாட்சியம் பதிந்து கட்டிய பகுதி நின்றது. அந்த உழைப்பைத் தாண்டி அவசரமாக ஏற்றிய பகுதி விழுந்தது. சட்டம் படிக்கும் பிள்ளைகள் மேடைப் பேச்சைவிட இந்த உழைப்பைத்தான் முதலில் பழக வேண்டும்.