தேயிலை மலையும் நோய்க் காப்புறுதியும்

மருத்துவம் நான்கு உறுப்புடையது என்பது திருவள்ளுவர் கொள்கை. நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்னும் நான்கும் ஒருங்கு கூடினாலன்றிப் பிணி நீங்காது. இந்நான்கினுள் பொருள் கொடுப்போன் எனத் தனியே ஒருவன் எண்ணப்பட்டிலன். இக்காலத்திலோ நான்கு உறுப்புக்கும் விலையுண்டு. அவ்விலையை யார் கொடுப்பது என்னும் வினாவிலிருந்தே நோய்க் காப்புறுதி தோன்றியது. நகரத்தில் அவ்வினா ஒரு வடிவிலும், கொத்மலையின் தேயிலைச் சரிவுகளில் வேறொரு வடிவிலும் எழுகின்றது.

காப்புறுதியின் அடிப்படை மிக எளியது. ஓர் உதாரணம் கொள்வோம். ஓரூரில் ஆயிரம் குடும்பங்கள் உள்ளன. ஆண்டுதோறும் அவற்றுள் பத்துக் குடும்பங்களைப் பெருநோய் பற்றுகின்றது. ஒவ்வொன்றுக்கும் நூறாயிரம் ரூபா செலவாகின்றது எனின், மொத்தச் செலவு பத்து இலட்சம். எக்குடும்பத்தை நோய் பற்றும் என்பதை எவரும் அறியார். ஆதலின் ஆயிரம் குடும்பங்களும் தலைக்கு ஆயிரம் ரூபா முன்னரே கொடுத்துவைப்பின், நோயுற்ற பத்தும் கடன்படாமல் தப்பும். ஒருவரால் தாங்கவியலாத பாரத்தைப் பலர் தாங்கும் உபாயம் இது.

இனி, உடல்நலம் மிக்க ஐந்நூறு குடும்பங்கள், “எமக்கு இது வேண்டா” என விலகுகின்றன என்க. நோய்வாய்ப்படும் பத்தும் எஞ்சிய ஐந்நூற்றுள்ளேயே இருப்பின், தலைக்கு இரண்டாயிரம் ரூபா வேண்டும். கட்டணம் உயரவே மேலும் சிலர் விலகுவர். அதனால் அது மேலும் உயரும். தனியார் காப்புறுதிக் கட்டணம் ஆண்டுதோறும் ஏறுவதற்கு இஃதொரு காரணம். மருந்தின் விலையேற்றம் மற்றொரு காரணம். இலங்கை தன் மருந்துகளிற் பெரும்பகுதியைப் பிறநாடுகளிலிருந்து இறக்குமதி செய்கின்றது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த டொலரின் விலை சில மாதங்களுள் 360 ரூபாவை எட்டியது. அவ்வாண்டு மார்ச்சில் மருந்துகளின் உச்ச விலை 29 சதவீதமும், ஏப்ரல் இறுதியில் அறுபது வகை மருந்துகளின் விலை 40 சதவீதமும் உயர்த்தப்பட்டன. மருந்து விலை ஏறின் சிகிச்சைச் செலவு ஏறும். அச்செலவை ஏற்கும் காப்புறுதியின் கட்டணமும் ஏறுதல் இயல்பு.

விலகிச் செல்லும் வழியை அடைப்பதே இதற்குப் பரிகாரம் எனப் பிறநாட்டார் முன்னரே கண்டனர். 1883இல் ஜெர்மனியில் பிஸ்மார்க் இயற்றுவித்த சட்டம் தொழிலாளரின் நோய்க் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது; கட்டணத்தில் மூன்றில் இரு பங்கைத் தொழிலாளியும் ஒரு பங்கை முதலாளியும் செலுத்தினர். 1911இல் பிரித்தானியா இயற்றிய சட்டத்தில் அரசும் ஒரு பங்கை ஏற்றது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டு தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டத்திலும், 2012இல் அதன் இடத்தைப் பெற்ற முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் ஏழைக் குடும்பங்களுக்கான கட்டணத்தை அரசே செலுத்திற்று. இலங்கை அரசாங்க ஊழியர்க்குரிய ‘அக்ரஹார’ காப்புறுதியும் இவ்வகையினதே. சம்பளத்திற் சிறு தொகை கழிக்கப்படுகின்றது; கழிக்கப்படுவோர் தொகை பெரிதாதலின் அக்கட்டணம் தாங்கத்தக்கதாய் இருக்கின்றது. ஆசிரியர் பலர் இதன் பயனை அறிவர். அவர்தம் மாணவரின் பெற்றோராகிய தோட்டத் தொழிலாளர் நிலை யாது?

பிறரினும் முன்னரே தோட்டத் தொழிலாளர்க்கு மருத்துவ ஏற்பாடு சட்டத்தில் எழுதப்பட்டது என்பது வியப்புக்குரியது. கோப்பிப் பயிர்க் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாக நடந்துவந்தோர் வாந்திபேதியாலும் அம்மையாலும் காய்ச்சலாலும் பெருந்தொகையாய் மடிந்தனர். அதன் பின்னரே 1872இல் கோப்பி மாவட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கெனக் கட்டளைச் சட்டமொன்று பிறந்தது. 1912இல் இயற்றப்பட்ட இரு கட்டளைச் சட்டங்கள் லயங்களைச் சுகாதாரமாய்ப் பேணுதலையும் நோயுற்றோர்க்கு மருத்துவ உதவி அளித்தலையும் தோட்ட நிருவாகத்தின் கடமைகளாக்கின. 1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியுடன் கொக்கிப்புழு ஒழிப்பு மாத்தளைத் தோட்டங்களில் தொடங்கிற்று. 1939இல் பிரசவ சகாயக் கட்டளைச் சட்டம் வந்தது. இவையெல்லாம் முற்றும் தருமத்தால் விளைந்தவை அல்ல. நோயாளி கொழுந்து பறியான். ஆதலின் தொழிலாளியின் நலம் தோட்டத்தின் மூலதனமாய் மதிக்கப்பட்டது. குறைந்த கூலிக்கு ஈடாக வீடும் மருந்தும் தோட்டத்துப் பொறுப்பாயின என்றால், தொழிலாளி தன் காப்புறுதிக் கட்டணத்தைப் பெறாத கூலியாகவே செலுத்தி வந்தான் என்பது பொருந்தும்.

1951இல் இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் ஒழிக்கப்பட்டது. அச்சேவையின் முழுப்பயன் தோட்ட எல்லையைக் கடக்கவில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரிற் பெரும்பாலார் நாடற்றோராயினர். எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே வந்தது. தோட்டத்தார் நோய்க்குத் தோட்டமே பொறுப்பென்னும் பழைய எண்ணமும் நீங்கவில்லை. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. தோட்ட வைத்தியசாலைகள் சிலவற்றை அரசு பொறுப்பேற்றதாயினும் அப்பணி முற்றுப்பெறவில்லை. இவ்வாறு, பழைய பாதுகாவலன் கைதளர்த்தினான். புதிய பாதுகாவலன் கை நீட்டி முடிக்கவில்லை.

இவ்விடைவெளியின் அளவைக் கொத்மலையிற் காணலாம். பூண்டுலோயா, றம்பொட மலைகளின் லயத்தில் வாழும் ஒருவர்க்கு மார்புநோய் கண்டால், தோட்ட மருந்தகத்தில் கிடைப்பது முதலுதவியே. சிறப்பு வைத்தியரைக் காண நாவலப்பிட்டிக்கோ நுவரெலியாவுக்கோ, இன்னும் பெரிய சிகிச்சைக்குக் கண்டிக்கோ செல்லல் வேண்டும். அங்கே சிகிச்சை இலவசம். ஆனால் அங்கே போய்ச்சேர்தல் இலவசமன்று. 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா அடிப்படை நாட்கூலியைக் கொண்டு கணக்கிடின், நோயாளியும் துணைவரும் ஒருநாள் வேலை இழப்பதனால் மட்டும் 2,700 ரூபா போகின்றது. பேருந்துக் கட்டணம், உணவு, வைத்தியசாலையில் இல்லாமையால் வெளியே வாங்கும் மருந்து ஆகியன வேறு. வள்ளுவர் கூறிய அருகிருந்து பேணுபவனின் விலை இது. தனியார் காப்புறுதிகளிற் பெரும்பாலானவை கட்டிற் செலவுக்கும் சத்திரசிகிச்சைக்கும் பணம் தருவனவேயன்றி, இழந்த நாட்கூலியைத் தருவனவல்ல. ஆதலின் கட்டணம் செலுத்த இயலினும் அக்காப்புறுதி இக்குடும்பத்தின் உண்மைச் செலவை முற்றும் தொடாது.

இச்செலவைக் குடும்பங்கள் சமாளிக்கும் முறைகள் பழையன: கைமாற்று, சீட்டை முந்தி எடுத்தல், தோட்டை அடகு வைத்தல். இவையும் அற்றபோது நிகழ்வதே அஞ்சத்தக்கது. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய கிளினிக் நாள் தவறும். ஒரு மாத மாத்திரை இரு மாதத்துக்கு நீட்டப்படும். இன்று சேமித்த சிறுதொகை நாளைச் சிறுநீரகக் கோளாறாய்த் திரும்பிவரும். இது சேமிப்பன்று, வட்டியுடன் கூடிய கடன்.

இதனினும் நல்ல வழிகள் உள. முன்னரே செலுத்தப்பட்டவற்றைக் கேட்டுப்பெறுதல் முதலாவது வழி. 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி, தொழில்வழங்குநர் ஒவ்வொரு தொழிலாளியின் உழைப்பூதியத்திலும் 3 சதவீதத்துக்குச் சமமான தொகையை ஊழியர் நம்பிக்கை நிதியத்தில் இடுகின்றார். இருதய சத்திரசிகிச்சை, கண்வில்லை பொருத்தல், சிறுநீரக மாற்று ஆகியவற்றுக்கு அந்நிதியம் உறுப்பினர்க்கு உதவுகின்றது. ஆயினும் இவ்வுதவி நிதியத்திற் பெயர் உள்ளவர்க்கே உரியது. ‘கைக்காசு’க்குக் கொழுந்து பறிப்பவர்க்கு அன்றைய பணத்தோடு எல்லாம் முடிந்துவிடும். வேலையின்போது விபத்தாற் காயமுறுவோர்க்கு 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் துணையாம். குளவிக்கொட்டும் வழுக்கி விழுதலும் மலிந்த மலையில் இதனை அறிந்திருத்தல் இன்றியமையாதது. பெருஞ் சிகிச்சைகளுக்கு ஜனாதிபதி நிதியம் உதவுகின்றது. 2025 முதல் அதற்குப் பிரதேச செயலகம் வாயிலாகவும் விண்ணப்பிக்கலாம். 2017இல் தொடங்கி இடையில் நின்று 2024இல் மீண்டும் வந்த ‘சுரக்ஷா’ பாடசாலை மாணவர்க்குரியது. 1990 என்னும் எண்ணில் அழைக்கப்படும் அம்புலன்ஸ் வண்டிக்குக் கட்டணமில்லை.

இரண்டாவது வழி தோட்டத்துள்ளேயே உள்ளது. ஊர்தோறும் மரண உதவிச் சங்கம் உண்டு. இறந்தவர் குடும்பத்துக்கு அனைவரும் சந்தா வழியே கைகொடுக்கின்றனர். இறந்தபின் உதவுவோர் நோயுற்றபோதும் உதவ அச்சங்கம் சிறிது விரியலாம். கண்டி செல்லும் நாளின் கூலியையும் பயணச் செலவையும் ஏற்பதற்குச் சிறு சந்தாவே போதும். ஆயின், முன்னர்க் காட்டிய கணக்கை மறத்தலாகாது. ஒரு தோட்டத்தின் சிறு நிதி இருதய சத்திரசிகிச்சையைத் தாங்காது. கொள்ளை நோயொன்று வரின் எல்லாரும் ஒரே வேளையிற் கையேந்துவர். சிறு செலவைச் சங்கமும் பெருஞ் செலவைப் பொது நிதியும் ஏற்றலே முறை. தோட்ட வைத்தியசாலைகளை அரசின் இலவச சேவையுடன் முழுதும் இணைத்தல் இதனாலேயே தலையாய தேவையாகின்றது. நாடு முழுவதும் ஒன்றாகச் சேரும் தொகுதியினும் பெரிய காப்புறுதித் தொகுதி வேறில்லை.

அதுவரை கற்றோர்க்கும் ஒரு பணி உண்டு. மேற்கூறிய உரிமைகள் பல, படிவம் நிரப்பத் தெரியாமையாலும் மருத்துவச் சான்றிதழை உரிய நாளிற் பெறாமையாலும் கைநழுவுகின்றன. லயத்திலிருந்து கல்லூரிக்கு வந்த மாணவன் ஒரு சனிக்கிழமை தன் அயலவரின் ஊழியர் நம்பிக்கை நிதிய இலக்கத்தைச் சரிபார்த்து, ஒரு விண்ணப்பத்தை எழுதிக்கொடுப்பானாயின், அவனும் அருகிருந்து பேணுபவருள் ஒருவனாவான்.