பந்தியில் இடம் இருக்கிறதா?

ஒரு சபை எல்லோரையும் ஏற்றுக்கொள்கிற சபைதானா என்று தெரிய வேண்டுமானால், அங்கே போய்ப் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வாசலில் தொங்கும் 'அனைவரும் வருக' பலகையையும் நம்ப வேண்டாம். சபையார் கூடிச் சமைத்துச் சாப்பிடும் அசனத்தன்று போங்கள். காய் வெட்ட யார் உட்காருகிறார்கள், கரண்டி யார் கையில் இருக்கிறது, பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று பாருங்கள். அரை மணி நேரத்தில் அந்தச் சபையின் கதை தெரிந்துவிடும்.

நெல்லை, தூத்துக்குடி வாசகர்களுக்கு அசனத்தைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. கைப்பிடி அரிசி சேர்ப்பது, ஆடு நேர்ந்து விடுவது, காணிக்கைப் பொருளை ஏலம் விடுவது எல்லாம் அவர்கள் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவை. நான் சொல்ல வந்தது, தேரிக்காட்டை ஒட்டிய ஒரு சிறிய சபையில் பார்த்ததைப் பற்றி. ஊர்ப் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

பிரதிஷ்டைப் பண்டிகைக்கு முந்தைய இரவு. ஆராதனை முடிந்ததும் கோயிலின் வடபுறப் பந்தலில் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் அரிவாள்மனைகளோடு வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். கத்தரிக்காய் ஒரு குவியல், வாழைக்காய் ஒரு குவியல், முருங்கைக்காய் ஒரு குவியல். சின்ன வெங்காயம் உரிக்கும் பக்கம் போனால் கண் எரிகிறது. அந்த வரிசையின் நடுவில் ஒரு திருநங்கை. வயது முப்பதுக்குள் இருக்கும். பக்கத்து ஊரிலிருந்து வந்து இந்தச் சபையில் சேர்ந்தவர்.

"ஏ மக்கா, முருங்கக்காய நீளமா நறுக்கு. சின்னதா போட்டா கொழம்புல கரஞ்சிரும்" என்கிறார் பக்கத்தில் இருந்த அம்மா.

"சரி சித்தி. நீங்க அந்த வாழக்காய்க்கு மோர்த்தண்ணி எடுத்து வச்சீங்களா? கருத்துரப் போவுது."

அவ்வளவுதான் பேச்சு. யாரும் அவரை மேடையில் ஏற்றிச் சால்வை போர்த்தவில்லை. சாட்சி சொல்லச் சொல்லவில்லை. மறுநாள் குழம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்கு நடுவே அவர் நடந்து வந்தபோது இலைகள் எல்லாம் விரிந்தபடியே இருந்தன. 'எனக்கு வேண்டாம்' என்று ஒரு கைகூட இலையின் மேல் வரவில்லை. முற்போக்கான திருச்சபை என்று கருத்தரங்குகளில் பக்கம் பக்கமாக வாசிக்கிறார்களே, அது எனக்கு இந்த வாளியில்தான் தெரிந்தது.

இரவு பத்து மணிக்கு மேல் ஆண்கள் கறி வெட்ட உட்கார்ந்தார்கள். கல் கூட்டி, உடைமர விறகை வைத்துப் பற்ற வைத்தார்கள். விடியும்போது முதல் அண்டா சோறு வடித்து, ஓலைப்பாயில் வேட்டி விரித்துக் கொட்டியாகிவிட்டது. ஆவி பறக்கும் அந்தச் சோற்று மலைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் ஒரு பெரியவர். எண்பதை நெருங்கியவர். சபையில் இப்போது மூத்தவர்களில் ஒருவர். கீழத்தெருக்காரர். அவர் சொன்னது இது:

"நாங்க சின்னப் பயலுவளா இருக்கும்போது எங்களுக்கு எல கெடையாது. பெட்டியில அள்ளிப் போட்டு, கொழம்ப வாளியில ஊத்தி, வாசல்லயே குடுத்து அனுப்பிருவாவ. வீட்டுல போயித்தான் திங்கணும். எலயில உக்காந்து நான் தின்னது கல்யாணம் முடிஞ்ச பொறவுதான்."

ஞானஸ்நானம் அதே தொட்டியில்தான். வேதப்புத்தகமும் அதேதான். ஆனால் சோறு மட்டும் வாசலோடு. இந்தப் பெட்டிக்கும் அந்த இலைக்கும் நடுவில் இருநூறு வருடச் சண்டை இருக்கிறது.

1820களில் பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸ் ஐயர் நடத்திய செமினரியில் பெரிய பிரச்சினையாக வந்தது பாடத்திட்டமோ உபதேசமோ இல்லை. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றார் அவர். மேல்சாதிப் பிள்ளைகள் மறுத்தார்கள். சேர்ந்து சாப்பிடச் சம்மதிக்கிறவர்கள் இருந்தால் போதும் என்று அவர் உறுதியாக நின்றார். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வித்தியாசம் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியபோது தஞ்சாவூரிலும் சென்னையிலும் சபைகள் பிளக்கும் அளவுக்குக் கொந்தளிப்பு. 1840களில் மதுரை அமெரிக்க மிஷன், ஊழியர்கள் சாதியை விட்டார்களா என்று பார்க்க அன்பின் விருந்து வைத்தது. 1850இல் சென்னையில் கூடிய மிஷனரிகள் மாநாடு இன்னும் ஒரு படி மேலே போனது. தாழ்த்தப்பட்டவர் சமைத்த உணவைச் சாப்பிடுவதையே சாதியை விட்டதற்கான அத்தாட்சியாக வைத்தது.

பரீட்சை வைத்துச் சாப்பிட வைத்தால் உறவு வந்துவிடுமா என்பது நியாயமான கேள்விதான். ஆனாலும் அந்த மிஷனரிகள் ஒன்றைச் சரியாகக் கண்டுபிடித்திருந்தார்கள். இந்த மண்ணில் சாதி வாயில் இல்லை, வயிற்றுக்குப் போகிற வழியில் இருக்கிறது. சமத்துவம் என்று நூறு தடவை சொல்லிவிடலாம். இலையில் உட்காரும்போதுதான் அது நிற்குமா விழுமா என்பது தெரியும்.

இன்னும் பின்னால் போனால் திருநெல்வேலிச் சபையின் தொடக்கமே ஒரு மறுப்பில் இருக்கிறது. பாளையங்கோட்டையில் ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு வாழ்ந்துவந்த பிராமண விதவை ஞானஸ்நானம் கேட்டார். அந்த வாழ்க்கை முறையைக் காரணம் காட்டி முதலில் கொடுக்கவில்லை. அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778இல்தான் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றுக் கிளாரிந்தா ஆனார். 1780இல் எழுதப்பட்ட முதல் சபைப் பதிவேட்டில் இருக்கும் 40 பெயர்களில் முதல் பெயர் அவருடையது. 1785இல் பிரதிஷ்டையான கோயிலும் அவர் முயற்சியில் எழும்பியதே. இன்றும் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்கிறார்கள். 'உனக்கு இங்கே இடமில்லை' என்ற வார்த்தையைக் கேட்ட ஒரு பெண்ணிலிருந்து தொடங்கிய சபை, மற்ற எவரிடமும் அந்த வார்த்தையைச் சொல்ல முடியுமா? இதைப் பிரசங்க மேடைகளில் நான் அதிகம் கேட்டதில்லை. கேட்க ஆசை.

1947 செப்டம்பர் 27இல் சென்னை கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் ஒன்றாயின. உலகமே திரும்பிப் பார்த்த இணைப்பு அது. என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய காரியம் 1950இல் வந்த திருவிருந்து ஆராதனை முறைமையில் இருக்கிறது. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட சமாதான வாழ்த்து அது. குருவானவரிடமிருந்து தொடங்கி, ஒருவர் கையை மற்றவர் தம் இரு கைகளுக்குள் வாங்கி, வரிசை வரிசையாகக் கடைசி பெஞ்சுவரை கடத்துவது. தீண்டாமையில் ஊறிய ஊரில், அப்பத்தையும் ரசத்தையும் தொடுவதற்கு முன் பக்கத்தில் இருப்பவர் கையைத் தொடும் முறையை எழுதி வைத்தார்கள். பிற்பாடு மேல்நாட்டுச் சபைகளும் இதைப் பார்த்துத் தங்கள் ஆராதனையில் சேர்த்துக்கொண்டன. இப்போது பல கோயில்களில் இருந்த இடத்திலிருந்தே கும்பிடு போட்டு முடித்துவிடுகிறோம்.

மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி இந்த விஷயத்தில் தனி அத்தியாயம். அங்கே பாடம் நடத்திய தியாபிலஸ் அப்பாவு, 'பரட்டை' என்று மாணவர்கள் ஆசையாகக் கூப்பிட்டவர், கர்நாடக ராகங்களிலும் மேல்நாட்டு மெட்டுகளிலும் இருந்த ஆராதனையைக் கிராமத்து மெட்டுக்கும் பறைக்கும் கொண்டுவந்தார். அவர் பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரு உலையில் வந்து நிற்கும். ஒரே உலையில் பொங்கி எல்லோரும் பகிர்ந்து உண்கிற குடும்பமே தேவனுடைய ராஜ்யம் என்பது அவர் இறையியல். 2005இல் மறைந்தார். அவரிடம் படித்தவர்கள் இன்று பல ஊர்களில் குருமார்கள். அவர்கள் இருக்கும் சபைகளில் பறைச் சத்தம் கேட்கும். பந்தியிலும் வித்தியாசம் தெரியும்.

பெண்கள் விஷயத்தையும் சொல்ல வேண்டும். தென்னிந்தியத் திருச்சபையில் முதல் பெண் குரு அபிஷேகம் 1976இல் நடந்தது. முதல் பெண் பேராயர் 2013இல் நந்தியால் திருமண்டலத்தில் பொறுப்பேற்றார். அசனத்துக்கு விடிய விடியக் காய் வெட்டுகிறவர்கள் திருவிருந்து மேசைக்குப் பின்னால் நின்று அப்பம் பிட்க இத்தனை காலம் ஆனது. இன்னும் பெண் குருவை ஏற்க மனமில்லாத சேகரங்கள், அதாவது ஒரு குருவின் பொறுப்பிலுள்ள சபைத் தொகுதிகள், உண்டு.

இப்போது என்னைத் தூங்கவிடாத விஷயத்துக்கு வருகிறேன். பொட்டலம்.

2020இல் கொரோனாவுக்காகக் கோயில்கள் மூடப்பட்டன. திறந்த பிறகு, கூட்டம் கூடாமல் இருக்க அசனச் சோற்றைப் பொட்டலமாகக் கட்டி வாசலில் கொடுத்தார்கள். அப்போது அது சரி. நோய் போனது, பொட்டலம் போகவில்லை. கேட்டால் காரணம் நிறைய சொல்கிறார்கள். இளைஞர்கள் எல்லாம் சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள், பரிமாற ஆளில்லை. பந்தல், இலை, தண்ணீர் என்று செலவு. பந்திக்குக் காத்திருக்கச் சனத்துக்குப் பொறுமையில்லை. காண்ட்ராக்ட் விட்டால் டப்பாவில் பிரியாணி நேரத்துக்கு வந்து இறங்கிவிடுகிறது. எல்லாம் உண்மை. ஆனால் டப்பாவை வாங்கி வண்டியில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய், தினமும் யாரோடு சாப்பிடுகிறோமோ அவர்களோடேயே மறுபடியும் சாப்பிடுவதற்கு அசனம் எதற்கு? ஓட்டல் போதுமே.

படுக்கையில் கிடக்கிற பாட்டிக்குத் தூக்குவாளியில் சோறு போவது என்றைக்கும் உண்டு. அதை நான் குறை சொல்லவில்லை. அது, வர முடியாதவர் வீட்டுக்குச் சபையே நடந்து போவது. வர முடிந்தவர்களையும் வாசலோடு அனுப்புவது வேறு காரியம்.

தேரிக்காட்டுப் பெரியவரிடம், பக்கத்துச் சபைகளில் பொட்டலம் கொடுக்கிறார்களாமே என்று கேட்டேன். "ஆமா, அப்ப எங்களுக்கு மட்டும் பெட்டி. இப்ப எல்லாருக்கும் பெட்டிங்காவ" என்றார்.

இதை யோசித்துப் பாருங்கள். வாசலோடு சோறு கொடுத்து அனுப்புவது என்பது ஒரு காலத்தில் அவமானப்படுத்தும் முறையாக இருந்தது. அதை உடைத்து உள்ளே வந்து இலையில் உட்காரப் பல தலைமுறை ஆனது. இப்போது வசதிக்காக அந்த இலையையே எடுத்துவிட்டால், பக்கத்தில் உட்கார மனமில்லாதவருக்கு அதைவிட நிம்மதி வேறில்லை. மறுக்கிற சங்கடம்கூட இல்லாமல் ஒதுங்கிக்கொள்ளலாம். திருவிருந்திலும் இதே காற்று வீசுகிறது. ஒரே பாத்திரத்திலிருந்து பருகிய சபைகள் தனித்தனிச் சின்னக் கிண்ணத்துக்கு மாறுகின்றன. சுகாதாரம் என்கிறார்கள், மறுக்கவில்லை. ஒரே பாத்திரத்தில் யார் யார் வாய் வைப்பது என்பதும் இந்த மண்ணின் பழைய தகராறுதான் என்பதை நினைவில் வையுங்கள் என்கிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கும் இதில்தான் நட்டம். கட்டட வேலைக்கும் உப்பளத்துக்கும் வந்த வடமாநிலத் தொழிலாளர்களில் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். ஞாயிறு ஆராதனையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பாட்டுப் புரியாமல் எழுந்து போகிறார்கள். நான் பார்த்த அசனத்தில் அப்படி நாலு பையன்கள் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். எதிர் வரிசை ஆச்சி சைகையிலேயே இன்னும் கொஞ்சம் சோறு வைக்கச் சொன்னார், பிறகு ஊர் எது, அம்மா இருக்கிறாளா என்று கேட்டார். பதிலுக்குப் பாதி இந்தி, பாதி சிரிப்பு. பொட்டலம் கொடுத்திருந்தால் 'தேங்க்ஸ்' என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். அவர்கள் ஊர் எது என்று அந்தச் சபையில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

சோற்றை வைத்துச் சபையை அளக்கலாமா, வேதம்தானே அளவுகோல் என்று கேட்கிறவர்களும் உண்டு. வேதத்தையே எடுத்துக்கொள்வோம். ஆயக்காரரோடும் பாவிகளோடும் சாப்பிடுகிறார் என்பதுதான் இயேசுவின் மேல் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட குற்றச்சாட்டு. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு சாப்பிடுவதிலிருந்து மெல்ல விலகிக்கொண்டபோது, பவுல் எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கண்டித்தார். கொரிந்து சபையில் இருக்கிறவர்கள் முந்திச் சாப்பிட்டு, இல்லாதவர்கள் பசியோடு நின்றதைக் கேட்டு அவர் எழுதிய கடிதத்தில் இருக்கும் கோபம் இன்று வாசித்தாலும் சுடும்.

எல்லாச் சபையும் ஒரே நாளில் மாறிவிடாது. திருநங்கைக்கு அரிவாள்மனை கொடுத்த அதே ஊரில் கல்லறைத் தோட்டம் இன்னும் இரண்டாகத்தான் இருக்கிறது. கமிட்டித் தேர்தல் வந்தால் தெருவாரியாக ஓட்டுப் பிரிகிறது. ஆனாலும் வருடத்தில் ஒரு நாள், ஒரு மதியம், எல்லோரும் ஒரே தரையில் உட்காருகிறார்கள். அங்கிருந்து மற்றதைக் கேட்கலாம். அதையும் விட்டுவிட்டால் எதிலிருந்து தொடங்குவது?

அடுத்த பண்டிகைக்கு உங்கள் சேகரத்தில் கமிட்டி கூடும். வரவு செலவு வாசிப்பார்கள், பொட்டலமே வசதி என்று யாராவது சொல்வார்கள். அப்போது எழுந்து, இலை போட்டுப் பந்தி வைப்போம் என்று சொல்லுங்கள். பரிமாற ஆளில்லை என்பார்கள். உங்கள் பெயரை முதலில் எழுதிக் கொடுங்கள்.