ஆங்கிலத்தைப் பட்டப்படிப்பாகக் கற்றல்: மொழி, இலக்கியம், பண்பாடு

க.பொ.த. (சாதாரண தர)ப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் மாணவர்களே,

"பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிக்க விருப்பம்" என்று உங்களில் ஒருவர் வீட்டில் கூறினால் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்று கிடைக்கும். "அதற்குப் பல்கலைக்கழகம் எதற்கு? ஆறு மாதம் ரியூசனுக்குப் போனால் போதுமே" என்பது ஒன்று. "அது வீட்டிலேயே ஆங்கிலம் பேசி வளர்ந்த கொழும்புப் பிள்ளைகளுக்குரிய படிப்பு" என்பது மற்றையது. இரண்டும் ஒரே தவறான எண்ணத்திலிருந்து பிறந்தவை. பட்டப்படிப்பில் ஆங்கிலம் என்றால் சரளமாகப் பேசுவதற்கான பயிற்சி என்பதே அவ்வெண்ணம். மதிலிலே ஒட்டப்பட்டிருக்கும் "மூன்று மாதத்தில் ஆங்கிலம்" விளம்பரத்திற்கும் பல்கலைக்கழக ஆங்கிலத் துறைக்கும் உள்ள தொடர்பு, நீச்சல் வகுப்பிற்கும் சமுத்திரவியலுக்கும் உள்ள தொடர்பைப் போன்றது. நீந்தத் தெரிந்திருப்பது நல்லது. ஆனால் அங்கே கற்பிக்கப்படுவது வேறு.

அங்கே ஆங்கிலம் மூன்று கோணங்களில் ஆராயப்படுகின்றது. மொழி எவ்வாறு இயங்குகின்றது என்பது முதலாவது. அம்மொழியில் எழுந்த கவிதை, நாடகம், நாவல் ஆகியன இரண்டாவது. அம்மொழியைப் பேசியோர், அதனால் ஆளப்பட்டோர், அதைத் தமதாக்கிக்கொண்டோர் ஆகியோரின் வாழ்வு மூன்றாவது. பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் இவை ஒரே சான்றிதழின் கீழ் இணைப் பட்டமாக வழங்கப்படுகின்றன. எமது நாட்டில் பெயர்கள் வேறுபட்டாலும், ஆங்கிலத் துறைகளின் பாடத்திட்டங்களில் இம்மூன்றும் ஏதோ ஓர் அளவில் கலந்தே காணப்படும். ஏன் இவற்றைச் சேர்த்துக் கற்கவேண்டும் என்பதை உதாரணங்கள் மூலம் நோக்குவோம்.

மொழி

உங்கள் வாயிலிருந்தே தொடங்கலாம். நாம் "ரீச்சர்", "ரயர்", "ரிக்கற்" என எழுதுகின்றோம். தமிழ்நாட்டில் "டீச்சர்", "டயர்", "டிக்கெட்" என எழுதுகின்றனர். எது சரி? மொழியியல் மாணவர் இக்கேள்வியை இப்படிக் கேட்கமாட்டார். நாக்கு எங்கே படுகின்றது என்று கேட்பார். "தாய்" என்று சொல்லிப் பாருங்கள், நுனிநாக்கு மேற்பல்லைத் தொடும். "பாட்டு" என்னும்போது நுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தொடும். ஆங்கிலேயர் "ரீச்சர்" என்பதன் முதல் ஒலியை உச்சரிக்கையில் நாக்கு இவ்விரண்டு இடங்களுக்கும் நடுவே, மேற்பல்லின் பின்னுள்ள முரசைத் தொடுகின்றது. தமிழ்ச் சொற்களின் முதலில் இவ்வொலி வருவதில்லை. எனவே இரு சாராரும் அயலிலுள்ள எழுத்தொன்றை இரவல் வாங்கினர். ஆனால் வேறு வேறு அயலவரிடம் வாங்கிவிட்டனர்! யாழ்ப்பாணப் பேச்சில் "காற்று", "வெற்றி" ஆகிய சொற்களில் வரும் இரட்டை றகரம் அந்த ஆங்கில ஒலிக்கு மிக நெருக்கமானது. "ரிக்கற்" என்பதன் இறுதியில் நாம் "ற்" இடுவது ஏன் என்பது இப்போது விளங்கும்.

இதுவே ஒலியியல். இதனைத் தொடர்ந்து சொல்லின் அமைப்பு, வாக்கியத்தின் அமைப்பு, பொருள், சமூகத்திற்கேற்ப மொழி மாறுபடும் விதம் என்பனவெல்லாம் பாடங்களாக வரும். ஆங்கிலத்தின் வரலாறும் வரும். 1066 இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின் பிரெஞ்சுச் சொற்கள் வெள்ளமாகப் புகுந்தமை, 1476 இல் கக்ஸ்ரன் அச்சகம் நிறுவியபின் எழுத்துக்கூட்டல் படிப்படியாக நிலைபெற்றமை முதலியவற்றைப் படித்தால், ஆங்கில எழுத்துக்கும் உச்சரிப்புக்கும் ஏன் இத்தனை பகை என்று நீங்கள் ஆறாம் ஆண்டிலிருந்து கேட்டுவரும் கேள்விக்கு ஓரளவு பதில் கிடைக்கும். அந்த வெள்ளத்தில் எமது சொற்களும் உண்டு. "கட்டுமரம்" ஆங்கிலத்தில் "கற்றமரான்" ஆயிற்று. போகும் வழியில் பொருளும் மாறியது. எமக்கு அது மரங்களைக் கட்டிச் செய்த மிதவை. இன்று ஆங்கிலத்தில் அது இரட்டை உடலுடைய படகு.

இலக்கியம்

சாதாரண தரத்தில் ஆங்கில இலக்கிய நயம் கற்போர் கதைச்சுருக்கம், பாத்திரப் பண்பு, அணிகள் என்று எழுதிப் பழகியிருப்பீர்கள். பல்கலைக்கழகத்தில் அவை ஆரம்பம் மாத்திரமே. எமது நாட்டைப் பற்றிய ஒரு நாவலை எடுத்துக்கொள்வோம்.

லெனார்ட் வூல்ப் 1904 இல் இலங்கைச் சிவில் சேவைக்கு வந்த ஆங்கில அதிகாரி. முதலில் யாழ்ப்பாணத்திலும் பின்னர் கண்டி, அம்பாந்தோட்டை ஆகிய இடங்களிலும் கடமையாற்றி 1911 இல் நாடு திரும்பினார். 1913 இல் "த வில்லேஜ் இன் த ஜங்கிள்" (காட்டிலுள்ள கிராமம்) என்னும் நாவலை வெளியிட்டார். தென்னிலங்கையின் வரண்ட காட்டினுள் சேனைப் பயிர்ச்செய்கையை நம்பி வாழும் ஏழைச் சிங்களக் கிராமத்தவரின் கதை அது. பிற்காலத்தில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதனைத் திரைப்படமாக்கினார். (அதில் வூல்பாக நடித்தவர் விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் என்பது பலருக்குத் தெரியாது.)

நாவலில் ஒரு நீதிமன்றக் காட்சி உண்டு. தலைவனின் சூழ்ச்சியால், செய்யாத களவுக்காக பாபுன் என்ற கிராமத்தவன் நிறுத்தப்படுகின்றான். நீதவான் ஆங்கிலேயர். வழக்கு ஆங்கிலத்தில் நடக்கின்றது, இடையில் நிற்பவர் மொழிபெயர்ப்பாளர். தன்னைச் சுற்றி நடப்பது என்னவென்று பாபுனுக்குச் சரிவர விளங்கவில்லை. அவன் குற்றவாளியாகிச் சிறை செல்கின்றான்.

இக்காட்சியை மொழி மாணவராக நோக்கினால், மொழிபெயர்ப்பாளரின் வாயில் ஒருவனின் தலைவிதி எப்படித் தங்கியுள்ளது என்று கேட்பீர்கள். இலக்கிய மாணவராக நோக்கினால், பாபுனுக்கு விளங்காத மொழியிலேயே பாபுனின் தவிப்பு எழுதப்பட்டிருப்பதைக் கவனிப்பீர்கள்: அவனது மௌனத்தை யார், யாருக்காகப் பேசுகின்றார்? பண்பாட்டு மாணவராக நோக்கினால், அந்தச் சட்டம் எவருடையது, காட்டை வெட்ட அனுமதிப்பத்திரம் வேண்டுமென விதித்தவர் யார் எனக் கேட்பீர்கள். இன்னும் ஒன்று. வூல்ப் அம்பாந்தோட்டையில் தாமே நீதவானாக அமர்ந்து தீர்ப்பு வழங்கியவர். தான் இருந்த கதிரையைக் கதையில் அவர் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கின்றார். ஒரு காட்சியை விளங்கிக்கொள்ள மூன்று துறைகளும் தேவைப்படுகின்றன. இணைத்துக் கற்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

பண்பாடு

இங்கிலாந்தின் உணவு, உடை, பண்டிகைகள் பற்றிய பாடம் என எண்ணவேண்டாம். இப்பாடமே எப்படித் தோன்றியது என்பதும் இதில் அடங்கும். ஒக்ஸ்போர்ட்டில் ஆங்கிலம் தனிக் கற்கைநெறியாகியது 1894 இல். கேம்பிரிட்ஜில் 1917 இல். அதற்கு முன் கற்றோர் எனப்பட்டவர்கள் கிரேக்கமும் இலத்தீனும் படித்தனர். ஆனால் இந்தியாவிலோ 1835 இல் மெக்காலேயின் அறிக்கையைத் தொடர்ந்து ஆங்கிலக் கல்வி அரச கொள்கையாகிவிட்டது. ஆங்கில இலக்கியம் தாய்நாட்டில் பாடமாக வேரூன்றுமுன் குடியேற்ற நாட்டில் வேரூன்றியதென கௌரி விஸ்வநாதன் 1989 இல் வெளியிட்ட நூலில் காட்டியுள்ளார். ஆளப்படுவோரின் மனத்தை வசப்படுத்த அது பயன்பட்டது என்பது அவரது வாதம்.

அவ்வாறாயின் நாம் ஏன் அதனைக் கற்கவேண்டும்? இக்கேள்வியை யாழ்ப்பாணத்திலிருந்தே எழுப்பியவர் சுரேஷ் கனகராஜா. யுத்த காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த அவர், 1999 இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட தமது நூலில், அமெரிக்கப் பாடநூலொன்றின் ஓரங்களில் மாணவர்கள் எழுதியிருந்த குறிப்புகளையும் கிறுக்கல்களையும் ஆராய்ந்தார். பாடநூல் காட்டிய அந்நிய உலகத்தின் மீது மாணவர்கள் தமது சினிமாவையும் அரசியலையும் எழுதியிருந்தனர். ஆங்கிலத்தை முற்றாக நிராகரிக்காமலும் அதற்கு அடிபணியாமலும் தமது தேவைக்கேற்ப வளைத்துக்கொள்ளும் வழியொன்றை அவர் அதில் கண்டார். (பாடநூலில் கிறுக்கி ஆசிரியரிடம் அகப்பட்டால் இதனைக் காரணமாகக் கூறவேண்டாம்.) அவ்வாறு வளைத்த எழுத்தாளர்களும் உளர். அ. சிவானந்தனின் நாவல் 1997 இல் வெளியானது. அனுக் அருட்பிரகாசத்தின் நாவல் 2021 இல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது.

இனி, நடைமுறை விடயங்கள்

மாணவர்கள் அடிக்கடி தடுமாறும் இடமொன்றுண்டு. உயர்தரத்தில் எல்லோரும் தோற்றும் "பொது ஆங்கிலம்" வேறு. கலைப்பிரிவில் மூன்று பிரதான பாடங்களில் ஒன்றாகத் தெரிவு செய்யப்படும் "ஆங்கிலம்" வேறு. முன்னையது இசட் புள்ளியில் சேர்வதில்லை. பின்னையது சேரும், அதில் இலக்கியமும் உண்டு. ஆங்கிலத் துறைக்குச் செல்ல விரும்புவோர் உயர்தரப் பாடங்களைத் தெரிவுசெய்யும் நாளிலேயே இவ்வேறுபாட்டை அறிந்திருக்கவேண்டும். உங்கள் பாடசாலையில் அப்பாடத்திற்கு ஆசிரியர் இல்லையெனில் அயலிலுள்ள பாடசாலைகளை விசாரியுங்கள். சாதாரண தரத்தில் ஆங்கில இலக்கிய நயம் எடுக்கவில்லை என்பதற்காக மனம் தளரவேண்டியதில்லை, ஏனெனில் பல்கலைக்கழக அனுமதி உயர்தரப் பெறுபேற்றையே அடிப்படையாகக் கொண்டது.

பேராதனை, கொழும்பு, களனி, ஸ்ரீ ஜயவர்தனபுர, யாழ்ப்பாணம் ஆகிய பல்கலைக்கழகங்களில் ஆங்கிலம் கற்பிக்கப்படுகின்றது. பொதுப் பட்டம் மூன்று ஆண்டுகள். முன்னர் சிறப்புப் பட்டம் எனப்பட்ட கௌரவப் பட்டம் நான்கு ஆண்டுகள். அனுமதி நிபந்தனைகள் ஒவ்வோர் இடத்திலும் வேறுபடுவதால், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலை நீங்களே வாசித்துப் பாருங்கள். அண்ணாமார் சொல்வதை மாத்திரம் நம்பவேண்டாம். தொழில் செய்துகொண்டு கற்க விரும்புவோருக்குத் திறந்த பல்கலைக்கழகம் ஆங்கிலத்தையும் ஆங்கிலம் கற்பித்தலையும் இணைத்து ஒரு பட்டநெறியை நடத்துகின்றது.

படிப்பு இலகுவானதென்று நான் கூறமாட்டேன். தமிழ்மொழி மூல மாணவருக்கு முதலாம் வருடம் கடினமானதே. சக மாணவர் ஒரு மணித்தியாலத்தில் வாசிப்பதை நீங்கள் அகராதியுடன் ஒரு மாலை முழுவதும் வாசிக்க நேரிடலாம். விரிவுரை மண்டபத்தில் வாய் திறக்கக் கூச்சமாக இருக்கும். ஆனால் மேலே கண்ட றகர உதாரணத்தை மறக்கவேண்டாம். ஒரு மொழியை மட்டும் அறிந்தவருக்கு அந்த வேறுபாடு காதில் விழாது. இரண்டு மொழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் உங்களிடம் ஏற்கெனவே உண்டு. மொழிபெயர்ப்பு, ஊடகம், சட்டம், ஆசிரியத் தொழில் ஆகியவற்றில் பின்னர் கைகொடுப்பதும் அதுவே. கிராமப்புறத் தமிழ்ப் பாடசாலைகளில் ஆங்கில ஆசிரியருக்கான வெற்றிடம் நீண்டகாலமாக இருந்துவருவதை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. உங்களில் பலர் அந்த வகுப்பறைகளிலேயே இருக்கின்றீர்கள்.

பயிற்சி

அடுத்த முறை பஸ் நிலையத்திலோ ஆஸ்பத்திரியிலோ தபாற்கந்தோரிலோ மும்மொழிகளிலும் எழுதப்பட்ட அறிவித்தலொன்றைக் கண்டால், அதன் தமிழையும் ஆங்கிலத்தையும் அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எந்த மொழி மேலே உள்ளது? எதில் எழுத்துப்பிழை உண்டு? ஆங்கிலத்தில் வேண்டுகோளாக இருப்பது தமிழில் கட்டளையாக மாறியுள்ளதா? தமிழை மாத்திரம் வாசிக்கும் ஒரு மூதாட்டிக்கு அங்கே எந்தத் தகவல் கிடைக்காமல் போகின்றது? நீங்கள் கண்டவற்றை ஒரு பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதி உங்கள் ஆங்கில ஆசிரியரிடம் காட்டுங்கள். பிழைகள் இருக்கலாம்.