கடைசியாகச் சாப்பிடுபவரின் நிறை

முகாமில் எங்களுக்குப் பகிர்ந்துவிட்டு வெறும் தேத்தண்ணீரோடு இருந்த பழக்கம் அம்மாவை இன்னும் விடவில்லை. உயரம் 150 சென்ரிமீற்றர், நிறை 38 கிலோ. விலை கூடிய சத்துமா ரின் ஒன்றை வாங்கி வந்தேன். வைத்தியர் முதலில் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். காசநோய், நீரிழிவு, தைரொயிட் பிரச்சினை, மன அழுத்தம் எதுவும் நிறையைக் குறைக்கலாம். காரணம் தெரியாமல் மெலிந்தால் பரிசோதனைதான் முதல் வேலை.

அம்மாவுக்கு நோயில்லை, சாப்பாடுதான் போதவில்லை. இந்த உயரத்துக்கு 42 கிலோவாவது வேண்டும். நாளொன்றுக்கு 300 முதல் 500 கலோரி வரை கூட்டினால் நிறை மெதுவாக ஏறும். ஒரு கைப்பிடி வறுத்த கச்சானில் சுமார் 170, களியில் விடும் ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் 120, ஒரு முட்டையில் 70 கலோரி உண்டு. மூன்றும் சேர்ந்தால் 360. பயறு, நெத்தலி, முருங்கையிலையும் சேர்த்தால் தசையும் இரத்தமும் ஊறும். சீனியாலும் பொரியலாலும் ஏறுவது வெறும் கொழுப்பு.

ஒரேயடியாக இறங்காவிட்டால் ஐந்து தடவையாகப் பிரித்துச் சாப்பிடலாம். சாப்பாட்டோடு தேத்தண்ணீர் வேண்டாம். அது பசியை அடக்கும், இரும்புச்சத்து உடலில் சேர்வதையும் குறைக்கும்.

இப்போது அம்மாவுக்குத்தான் முதலில் பரிமாறுகிறோம். உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவர் யார்? அவரின் நிறையை ஒருமுறை பாருங்கள்.