கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று

பாலியல் வன்முறைச் செய்தி வரும்போதெல்லாம் எங்கள் ஆபீஸ் வாட்ஸப் குழுவில் "தூக்குல போடணும்" என்று யாராவது எழுதுவார்கள். நானும் எழுதியிருக்கேன். பெண்ணியவாதிகளும் அதைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். வர்மா குழு அறிக்கையைப் படித்த பிறகுதான் அது தப்பு என்று புரிந்தது.

கொஞ்சம் பின்னாடி போவோம். 1972ல் மகாராஷ்டிராவில் ஓர் இளம் ஆதிவாசிப் பெண் போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே வல்லுறவுக்கு ஆளானார். மதுரா வழக்கு என்பார்கள். உடம்பில் காயம் இல்லை, எதிர்க்கவில்லை என்று சொல்லி 1978ல் உச்ச நீதிமன்றம் இரண்டு போலீஸ்காரர்களையும் விடுவித்தது. 1979ல் உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார் உள்ளிட்ட நால்வர் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பெண்கள் தெருவில் இறங்கினார்கள். 1983ல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நடக்கும் வல்லுறவு வழக்கில், உறவு நடந்தது நிரூபணமாகி, "சம்மதிக்கவில்லை" என்று பெண் சொன்னால், சம்மதம் இல்லை என்றே கோர்ட் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆக, கிரிமினல் சட்டமே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. அவர்கள் கேட்டது, பெண்ணின் சொல்லுக்கு மதிப்பு.

2012 டிசம்பர் டெல்லிக் கொடுமைக்குப் பிறகு அமைந்த வர்மா குழு 29 நாளில் அறிக்கை கொடுத்தது. மரண தண்டனை வேண்டாம் என்றது. பெண்கள் அமைப்புகளின் கருத்தும் அதுதான் என்று அறிக்கையே சொல்கிறது. மனைவியை வல்லுறவு செய்யும் கணவனுக்குச் சட்டம் தரும் விலக்கை நீக்கச் சொன்னது. போலீஸ் சீர்திருத்தம் பற்றி நிறையவே பேசியது.

அரசு என்ன செய்தது? சில வகை வழக்குகளுக்கு மரண தண்டனையைச் சேர்த்தது. கணவனின் விலக்கைத் தொடவில்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்த விலக்கு இருக்கு.

தூக்கு ஏன் வேண்டாம்? பெரும்பாலான வழக்குகளில் குற்றவாளி தெரிந்த ஆள்தான். மாமாவுக்குத் தூக்கு என்றால், வாயைத் திறக்காதே என்று வீடே அந்தப் பெண்ணை அமுக்கும். கொலைக்கும் அதே தண்டனை என்றால், சாட்சியை உயிரோடு விடுவானா?

தண்டனையைக் கூட்ட, சட்டத்தில் நாலு வரி மாற்றினால் போதும். புகாரை வாங்காமல் திருப்பி அனுப்புற ஸ்டேஷனை மாற்றக் காசு வேணும், ஆள் வேணும், வருஷக்கணக்கில் உழைப்பு வேணும். தூக்கு கேட்டு நான் எழுதின மெசேஜ் எந்த வேலைக்கு உதவியிருக்கும் என்று இப்போ யோசிக்கிறேன்.