இரண்டாவது டிவிஷன்

1911-ம் வருஷம் ஜூலை மாதம் 29-ந் தேதி கல்கத்தா மைதானத்தில் நடந்த அற்புதத்தை அறியாதவர் வங்காளத்தில் இல்லை; நம் பக்கத்திலும் பலர் கேள்வியுற்றிருப்பார்கள். பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்காலுடன் ஆடிய மோகன் பகான் கோஷ்டியார், பூட்ஸ் அணிந்த ஈஸ்ட் யார்க்‌ஷயர் பட்டாளத்தை இரண்டுக்கு ஒன்று என்ற கோல் கணக்கில் தோற்கடித்து, ஐ. எப். ஏ. கேடயத்தைத் தூக்கிச் சென்றார்கள். இதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியாகிவிட்டது. ஆனால் ஜயபேரிகை ஓய்ந்த பிறகு அந்த வீரர்களின் நிலைமை என்ன என்று சொல்பவர் குறைவு. கேடயத்தை வென்ற அந்தக் கோஷ்டிக்குக் கல்கத்தா லீகின் முதல் டிவிஷனில் இடமில்லை. அது போகட்டும், இரண்டாவது டிவிஷனிலும் இடமில்லை!

கேடயத்துக்கும் லீகுக்கும் உள்ள பேதத்தை, பந்தாட்டத்தில் பழக்கமில்லாத நேயர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். கேடயப் போட்டி கல்யாணத்தைப் போன்றது. லீக் குடித்தனத்தைப் போன்றது. கேடயத்தில் தோற்றவன் அன்றே வீடு திரும்பலாம். நாலைந்து நாள் நன்றாக ஆடினால் கோப்பை கையில் வந்துவிடும். லீகிலோ ஒவ்வொரு கோஷ்டியும் மற்ற எல்லாக் கோஷ்டிகளுடனும் ஆடியாக வேண்டும். வெற்றிக்கு இரண்டு புள்ளி, சமமானால் ஒரு புள்ளி என்று அந்நாளில் கணக்கு. வெயிலிலும் ஆடவேண்டும், ஆனி ஆடி மழையில் மைதானம் சேறாகிக் கிடக்கும்போதும் ஆடவேண்டும். பருவம் முடிந்ததும் கீழ் டிவிஷனில் தலைமை பெற்றவர் மேலே ஏறுவர். மேல் டிவிஷனில் கடைசியில் நின்றவர் கீழே இறங்குவர். யார் பிள்ளை, யார் துரை என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. விதி அப்படித்தான் சொல்லுகிறது.

கல்கத்தா லீக் 1898-ல் தொடங்கியது. பட்டாளத்துக் கோஷ்டிகளும், வெள்ளைக்காரர்கள் நடத்திய கிளப்புகளும் மட்டுமே அதில் ஆடின. கேடயத்தை வென்று மூன்று வருஷமான பின்பு, 1914-ல்தான், மோகன் பகானுக்கும் ஆரியன் கிளப்புக்கும் இரண்டாவது டிவிஷனின் கதவைத் திறந்துவிட்டார்கள். அந்த வருஷம் அதில் முதலாவதாக வந்தது 91-வது ஹைலாண்டர்ஸ் பட்டாளத்தின் ‘பி’ கோஷ்டி. ஆனால் அதே பட்டாளத்தின் ‘ஏ’ கோஷ்டி ஏற்கெனவே முதல் டிவிஷனில் இருந்தது. ஒரே பட்டாளத்தின் இரண்டு கோஷ்டிகள் ஒரே டிவிஷனில் ஆடலாகாது என்பது சட்டம். ஆகவே 1915-ல் மோகன் பகான் மேலே ஏறியது. அடுத்த வருஷம் ஆரியனும் ஏறியது.

இங்கேதான் சங்கதி சுவாரஸ்யமாகிறது. முதல் டிவிஷனில் இந்தியக் கோஷ்டிகள் இரண்டுக்கு மேல் இருக்கக்கூடாதென்று ஒரு விதி இருந்தது. மைதானத்தில் கோல் போட்டுத் தடுக்க முடியாதவர்களைக் காகிதத்தில் தடுத்துவிடும் ஏற்பாடு இது. ஏணியை நிறுத்தி வைத்து, “ஏறுங்கள், நன்றாய் ஏறுங்கள், ஆனால் மேல் படியில் இரண்டு பேருக்குத்தான் இடம்” என்று சொன்னால் அதற்குப் பெயர் ஏணியா?

அந்த விதியோடு மோதியது ஈஸ்ட் பெங்கால் கிளப். அது பிறந்த கதையே ஒரு மனஸ்தாபத்தின் கதை. 1920 ஜூலை 28-ந் தேதி மோகன் பகானுக்கு எதிராக ஆட இறங்கிய ஜோராபகான் கோஷ்டியில் சைலேஷ் போஸ் என்ற கிழக்கு வங்காளத்து ஆட்டக்காரரைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். கிளப்பின் உபதலைவரான சுரேஷ் சந்திர சௌதுரி காரணம் கேட்டார், திருப்தியான பதில் வரவில்லை, வெளியேறிவிட்டார். நாலு நாள் கழித்து, ஆகஸ்டு முதல் தேதியன்று, கிழக்கத்தியாருக்கென்றே ஒரு புதிய கிளப் உதயமாயிற்று. 1921-ல் தாஜ்ஹாட் என்ற கோஷ்டி விலகிக்கொள்ள, அந்த இடத்தில் இரண்டாவது டிவிஷனுக்குள் நுழைந்தது.

1924-ல் ஈஸ்ட் பெங்கால் அந்த டிவிஷனில் கேமரன் ஹைலாண்டர்ஸ் பட்டாளத்தின் ‘பி’ கோஷ்டியோடு சமமாக முதலிடம் பெற்றது. பழைய கதைதான் மறுபடியும்! கேமரன் ‘ஏ’ கோஷ்டி மேலே இருந்தபடியால் ‘பி’ கோஷ்டி ஏற முடியாது. ஏறவேண்டியது ஈஸ்ட் பெங்கால். குறுக்கே நின்றது இரண்டு பேர் விதி. மனுக்கள் போயின, விவாதம் நடந்தது, கடைசியில் விதி தளர்ந்தது. அந்த ஆலோசனையில் வெள்ளைக்காரக் கிளப்புகள் சம்மதித்தனவென்றும், ஏற்கெனவே உள்ளே இருந்த இரு இந்தியக் கிளப்புகள்தான் ஆட்சேபித்தனவென்றும் ஈஸ்ட் பெங்கால் அபிமானிகள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். ரயில் வண்டிக்குள் இடம் பிடித்துவிட்டவர், பிளாட்பாரத்தில் நிற்பவருக்குக் கதவைச் சாத்துவதை நாம் தினமும் பார்க்கவில்லையா? எப்படியிருந்தாலும் 1925 மே 28-ந் தேதி, முதல் டிவிஷனில் இரு கிளப்புகளும் முதன்முதலாகச் சந்தித்தபோது, நேபாள் சக்ரவர்த்தி போட்ட ஒரே கோலில் ஈஸ்ட் பெங்கால் ஜயித்தது. கல்கத்தாவில் அன்று மூண்ட போட்டி அடுப்பங்கரை வரையில் பரவியிருக்கிறது. கிழக்கத்தியார் ஜயித்தால் ஹில்சா மீன், மோகன் பகான் ஜயித்தால் இறால் என்று சமையலே பிரிந்துபோனது.

ஏறுவதைப் பற்றிப் பேசினோம். இறங்குவதும் இந்த ஏற்பாட்டில் பாதி அல்லவா? அவ்வளவு வாதாடி மேலே வந்த ஈஸ்ட் பெங்கால் 1928-ல் கீழே இறக்கப்பட்டது. இம்முறை யாரையும் குறை கூற வழியில்லை, புள்ளிகள் போதவில்லை. மறுபடியும் இரண்டாவது டிவிஷனில் பிரயாசை. 1930-ல் சட்டமறுப்பு இயக்கத்தின் கொந்தளிப்பில் லீக் முடிவடையாமலே நின்றுபோயிற்று. 1931-ல்தான் மீண்டும் ஏற வழி கிடைத்தது. 1932-ல் முதல் டிவிஷனுக்குத் திரும்பியதும் இரண்டாவது ஸ்தானத்துக்கு வந்துவிட்டார்கள். கீழே கழித்த வருஷங்கள் வீணாகவில்லை என்று எண்ணத் தோன்றுகிறது.

நிற்க. இரண்டாவது டிவிஷன் தந்த பெரிய ஆச்சரியம் இனிமேல்தான். 1898 முதல் 1933 வரையில் லீக் பட்டம் வெள்ளையர் கையை விட்டு ஒரு தடவைகூட நழுவவில்லை. கேடயத்தை ஒரு தடவை வெல்லலாம். பருவம் முழுவதும் தாக்குப் பிடிக்க இவர்களால் ஆகாது என்று ஏளனம் பேச அது வசதியாக இருந்தது. 1933-ல் முகம்மதன் ஸ்போர்ட்டிங் இரண்டாவது டிவிஷனிலிருந்து ஏறியது. பெங்களூரிலிருந்தெல்லாம் ஆட்டக்காரர்களைத் தேடிச் சேர்த்தார்கள். மழை நாட்களில் சேற்றுத் தரைக்குப் பூட்ஸ் போட்டு ஆடப் பழகினார்கள். வெறுங்காலே வீரம் என்று மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்த காலத்தில், இது எவ்வளவு புத்திசாலித்தனமான காரியம்! மேலே வந்த முதல் வருஷமே, 1934-ல், பட்டத்தை வென்றார்கள். 1938 வரையில் தொடர்ந்து ஐந்து வருஷம் வேறு யாரிடமும் அதைக் கொடுக்கவில்லை. 1939-ல் மோகன் பகான், 1942-ல் ஈஸ்ட் பெங்கால் என்று மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். லீக் பட்டத்தைப் பொறுத்தமட்டில் சுயராஜ்யம் 1947-க்கு வெகு முன்பே வந்துவிட்டது; அதுவும் கீழ்ப் படியிலிருந்து ஏறியவர் கையால் வந்தது.

சுதந்திர தேசத்தில் ஏணி நேராக நிற்கிறதா என்று கேட்கலாம். 2014-ல் இந்தியன் சூப்பர் லீக் ஆரம்பித்தபோது, பணம் கட்டிச் சேர்ந்தவருக்கே இடம்; ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஒன்பது வருஷம் கழித்து, 2023-ல்தான், ஐ-லீகில் முதலிடம் பெற்ற பஞ்சாப் கோஷ்டி ஆட்டத் திறமையால் மேலே ஏறியது. 2024-ல் அதே வழியில் ஏறியது யார் என்று நினைக்கிறீர்கள்? நமது முகம்மதன் ஸ்போர்ட்டிங்தான். ஆனால் 1934-ன் அற்புதம் திரும்ப நடக்கவில்லை. 2024-25 பருவத்தில் பதின்மூன்று கோஷ்டிகளில் கடைசியாக வந்தார்கள். இறக்க விதி அமலில் இல்லாததால் கீழே இறங்கவுமில்லை. அபிமானிகளில் எத்தனை பேர் அதற்காகச் சந்தோஷப்பட்டார்களோ!